நத்தும் முனியாண்டியும்: இந்தக் கதையெல்லாம் எதுக்கு?

கேள்வி கேட்ட தம்பி மாண்டலே பக்கம் வேலை பாக்குறாரு. கூட வேலை பாக்குற பர்மாக்காரங்க வருஷா வருஷம் லீவு போட்டுட்டு தவுங்பியோன்ங்கிற ஊர்ல நடக்குற நத் (பர்மாக்காரங்க கும்புடுற ஆவி தெய்வங்களுக்கு அதான் பேரு) திருவிழாவுக்கு ஓடுறாங்க, வீட்டுக்குள்ள தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டு கும்புடுறாங்க, நம்ம ஆளுங்களும் முனீஸ்வரனுக்கு சுருட்டு பத்த வைக்கிறாங்க, இந்தக் காலத்துலயும் இந்தக் கதையெல்லாம் மனுஷனுக்கு எதுக்கு, இவங்க நத்தும் நம்ம முனியாண்டியும் ஒண்ணா வேறயான்னு கேட்டிருக்காரு. நல்ல கேள்விதான். ஆனா இதுக்கு வழக்கமா ரெண்டே ரெண்டு பதில்தான் வரும், ஒண்ணு "எல்லாம் மூடநம்பிக்கை, விட்டுத் தள்ளு", இன்னொண்ணு "எல்லாமே நம்ம கிட்டேருந்து போனதுதான்". ரெண்டுமே யோசிக்க சோம்பேறித்தனப்படுற பதில்னு நான் நினைக்கிறேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். நத் கதையில பாதிக்கு மேல, நம்ம ஊர் காவல்தெய்வக் கதையில பாதிக்கு மேல, சாமி கதையே இல்ல. அநியாயமா செத்துப்போன ஒரு ஆளோட கதை. ராஜாவே கொலை பண்ணா யார் கிட்ட போய் புகார் குடுக்குறது? அதனால ஜனங்க கதையா எழுதி வச்ச எஃப்ஐஆர் அது. யாரு செத்தான், யாரு கொன்னான், எந்த இடம், என்ன குத்தம் சுமத்துனாங்க, எல்லாம் அதுல இருக்கும்.

மஹாகிரி நத் கதையையே எடுத்துக்கோங்க, பர்மாவுல வீட்டுக்கு வீடு இருக்குற நத் அவர்தான். வடக்கே தகாவுங்ல மவுங் டின் டெ ன்னு ஒரு கொல்லன். ஆளு பயங்கர பலசாலி, அவன் பட்டறையில சம்மட்டி அடிச்சா ஊரே அதிரும்பாங்க. ராஜாவுக்கு பயம் வந்துடுச்சு, இவன் நாளைக்கு நம்ம நாற்காலிக்கே வந்துட்டா என்ன பண்றதுன்னு. இவன் என்ன தப்பு பண்ணான்னு கேட்டீங்கன்னா, ஒண்ணுமே பண்ணல, பலசாலியா இருந்தான், அவ்ளோதான். ஆளு காட்டுக்குள்ள ஓடிட்டான். ராஜா என்ன பண்றான், அவன் தங்கச்சியை ராணியாக்கிக்கிறான், அப்புறம் "இப்ப நாம சொந்தக்காரங்க ஆயிட்டோமே, உங்க அண்ணனை வரச்சொல்லு, பதவி குடுக்குறேன்"ங்கிறான். அவளும் நம்பி ஆள் அனுப்புறா, அவனும் நம்பி வர்றான். வந்தவனைப் புடிச்சு செண்பக மரத்துல கட்டி வச்சு தீ வச்சுட்டாங்க. தங்கச்சி அதைப் பாத்துட்டு நெருப்புல குதிச்சுட்டா, இழுத்துப் பாத்தா முகம் மட்டும்தான் மிச்சம், அதனால அவளுக்கு ஷ்வே மியெட்னா, தங்கமுகத்தாள்னு பேரு.

கதை இங்க முடியல. ரெண்டு பேரும் நத்தா மாறி அதே செண்பக மரத்துல குடியேறிட்டாங்க, மர நிழல்ல ஒதுங்குன ஆளும் மாடும் சாக ஆரம்பிச்சுது. ராஜா மரத்தை வேரோட புடுங்கி ஐராவதி ஆத்துல தள்ளிவிட்டான். மரம் மிதந்து மிதந்து பகானுக்கு வந்து ஒதுங்குது. அந்த ஊர் ராஜா அதுலயே ரெண்டு உருவம் செதுக்கி போப்பா மலையில கொண்டுபோய் வச்சான். போப்பா அணைஞ்சு போன எரிமலை, 1518 மீட்டர் உயரம், பகான்லேருந்து ஒரு 50 கிலோமீட்டர் இருக்கும். ஒரு ராஜா கொன்னான், இன்னொரு ராஜா கோவில் வச்சான். இந்த ஜோடியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

தேங்காய் விஷயம் இதோட ஒட்டுனதுதான். எங்க வீட்டுக்கு எதிர்வீட்டு தோ மாமியார் (வயசான பொம்பளைங்கள அவங்க மரியாதையா 'தோ' போட்டுத்தான் கூப்புடுவாங்க, மாமியார்ங்கிறது நாங்களா சேத்துக்கிட்டது) வீட்டுல தென்கிழக்கு மூலைத் தூண்ல ஒரு மூங்கில் சட்டம், அதுல ஒரு முழுத் தேங்காய், தலையில சிவப்புத் துணி தலைப்பாகை மாதிரி கட்டியிருக்கும். அதுதான் வீட்டு மஹாகிரி. ஏன் தேங்காய்னு கேட்டா, "நெருப்புல வெந்து செத்த மனுஷன் இல்லையா, உள்ள இருக்குற தண்ணி அவர் எரிச்சலுக்கு இதமா இருக்கும்"னாங்க. தண்ணி வத்திடுச்சுன்னு தெரிஞ்சா மாத்திடணும், காலி தேங்காயை வைக்கக் கூடாது. நமக்குத் தென்கிழக்கு அக்னி மூலை, அவங்களுக்கும் தீயில செத்தவர் உக்கார்ற மூலை அதுதான். இதை வச்சு நான் எதையும் நிரூபிக்க வரல, பாத்தப்போ மனசுல பட்டுது, சொல்றேன். எனக்கு பெருசா தெரிஞ்சது வேற: எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடி வெந்துபோன ஒரு கொல்லனுக்கு இன்னமும் எரியுமேன்னு ஒரு கிழவி கவலைப்படுறாங்க பாருங்க. தகாவுங் ராஜா பேரைக் கேட்டேன், அவங்களுக்குத் தெரியல.

இப்ப நம்ம பக்கம் வாங்க. சிலப்பதிகாரத்தை பத்தினி கதைன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்து அதோட உப்பை எடுத்துட்டாங்க. கோவலன் திருடல, விசாரணை நடக்கல, ராஜா ஒரு வார்த்தையில தலையை வாங்கிட்டான். மதுரை எரிஞ்சுது, பாண்டியன் செத்தான். அப்புறம் நாட்டுல மழை இல்ல, பஞ்சம், நோய். கொற்கையில இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்து சாந்தி பண்ணான், மழை பேஞ்சுதுன்னு காப்பியத்தோட முகப்புல உரைபெறு கட்டுரையிலயே வருது. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னதுக்கு ஆயிரம் பேரு, அந்த ஆயிரம் பேருக்கு யாரு கோவில் வச்சாங்கன்னு கேக்கத் தோணுது இல்ல, கதைக்குள்ளயும் எல்லாருக்கும் நியாயம் கிடைக்கிறதில்ல. அப்புறம் சேரன் செங்குட்டுவன் இமயத்துலேருந்து கல் கொண்டாந்து கோவில் எடுக்குறான். ஒரு ராஜா கொன்னான், இன்னொரு ராஜா கோவில் வச்சான்.

மதுரைவீரனும் அப்படித்தான், நாயக்கர் ராஜா ஆளுங்களை விட்டு மாறுகால் மாறுகை வாங்குனாரு, இன்னைக்கு மீனாட்சி கோவில் கிழக்கு வாசல்ல அவர் சந்நிதி இருக்கு. நல்லதங்காளை எந்த ராஜாவும் கொல்லல, அண்ணன் பொண்டாட்டியும் பசியும் கொன்னுச்சு, ஏழு புள்ளையோட கிணத்துல விழுந்தா, அவளும் சாமிதான். இந்தப் பழக்கத்துக்கு வேர் இன்னும் ஆழத்துல இருக்கு. மாட்டு மந்தையைக் கவர்ந்துட்டுப் போற சண்டையில செத்தவனுக்கு கல்லு நட்டு கும்புடுறதை தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படைன்னு படிப்படியா சொல்லுது, 2006ல தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில தமிழ்ப் பிராமி எழுத்தோட அப்படிப்பட்ட நடுகல்லே கிடைச்சுது. செத்தவனை வெறும் பொணமா விட்டுடக்கூடாதுங்கிற எண்ணம் ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு நம்மகிட்ட.

தம்பி சொன்ன தவுங்பியோனுக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் புடிச்ச கதையும் அதான். இது ரெண்டு தலைமுறை கதை. தெற்கு பர்மாவுல தாதோன் கடற்கரையில கப்பல் உடைஞ்சு ரெண்டு சின்னப் பசங்க பலகையில மிதந்து வர்றாங்க, பியாட்வி, பியாட்டான்னு பேரு, இந்தியாவுலேருந்து வந்த முஸ்லிம் பசங்க. ஒரு பிக்கு எடுத்து வளக்குறாரு. பிக்குவுக்கு காட்டுல ஒரு சித்தரோட உடம்பு கிடைக்குது, அதை சுட்டு சாப்புட்டா மகா பலம் வரும், ராஜாவுக்கு குடுக்கலாம்னு வச்சிருக்காரு, பசங்க ராத்திரியில வாசனை புடிச்சு தின்னுட்டானுங்க! பலம் பசங்களுக்கு வந்துடுச்சு, ராஜா சும்மா விடுவானா, பெரியவனைக் கொன்னுட்டான். சின்னவன் பியாட்டா தப்பிச்சு பகானுக்கு ஓடி அனோரத்தா ராஜாகிட்ட வேலைக்கு சேந்தான். அனோரத்தான்னா 1044லேருந்து 1077 வரைக்கும் ஆண்ட நிஜ ராஜா, ரங்கூன்ல நம்ம காளியம்மன் கோவில் இருக்கே, 1871ல தமிழாளுங்க கட்டுனது, அது இருக்குற ரோடு இவர் பேருலதான் இருக்கு.

பியாட்டாவுக்கு வேலை போப்பா மலைக்கு ஓடிப்போய் ராஜாவுக்குப் பூ கொண்டாறது. அங்க பூவை மட்டும் சாப்புடுற ஒரு ராட்சசியைப் பாத்து காதலாகி ரெண்டு ஆம்பளப் புள்ள பொறக்குது. பிரசவ நேரத்துல பூ கொண்டார லேட்டாச்சு. லேட்டாச்சுன்னு ராஜா அவனைக் கொன்னுட்டான். அந்தப் பொண்ணு துக்கத்துல உசுரை விட்டு போப்பா மேடோ, போப்பாத் தாயா ஆயிட்டா. புள்ளைங்களை ராஜாவே எடுத்து வளத்தான், அவங்கதான் ஷ்வே பியின் அண்ணன் தம்பி. பெரிய வீரனுங்களா வந்து சீனத்துப் பக்கம் படையெடுப்புலயும் கூட போயிட்டு வந்தாங்க. திரும்பி வர்ற வழியில தவுங்பியோன்ல ராஜா ஒரு பகோடா கட்டுறான், ஆளுக்கு ஒரு செங்கல் வைக்கணும்னு ஆர்டர். இவனுங்க ரெண்டு பேரும் கோலி விளையாடிக்கிட்டு வைக்காம விட்டுட்டானுங்க. தலைக்கு ஒரு செங்கல், ரெண்டு செங்கல் குறையுது, மரண தண்டனை. அப்பன் பூவுக்கு செத்தான், புள்ளைங்க செங்கல்லுக்கு செத்தாங்க.

அப்புறம் ராஜா படகு ஆத்துல போகும்போது நடுவுல நின்னுடுச்சு, எவ்ளோ தள்ளியும் நகரல. நத்தா மாறுன ரெண்டு பேரும் சுக்கானைப் புடிச்சுக்கிட்டு "உனக்கு இவ்ளோ உழைச்சோம், எங்களுக்கு என்ன வழி"ன்னு கேக்குறாங்க. ராஜா தவுங்பியோனையே அவங்களுக்கு எழுதிக் குடுக்குறான். பகோடா உள்சுவத்துல அந்த ரெண்டு செங்கல் இடத்தை இன்னமும் காலியாத்தான் விட்டு வச்சிருக்காங்க, போனா காட்டுவாங்க. யோசிச்சுப் பாருங்க தம்பி, எத்தனை தடவை மராமத்து பண்ணியிருப்பாங்க, ஒரு கொத்தனாருக்கு ரெண்டு செங்கல் வைக்க எவ்ளோ நேரம் ஆகும்? யாரும் வைக்கல. கல்வெட்டு வச்சிருந்தா எழுத்து தேஞ்சு போயிருக்கும்.

ஆனா இதுல ராஜாங்க சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. அனோரத்தா தேரவாத பௌத்தத்தைக் கொண்டாரும்போது நத் கும்புடுறதை ஒழிக்கப் பாத்து முடியாம போச்சு, கடைசியில பகான் ஷ்வேசீகோன் பகோடாவுக்குள்ளயே நத்துங்களுக்கு இடம் குடுத்தான், தலைவரா தஜாமின்னை உக்கார வச்சு 37னு லிஸ்டை மூடிட்டான்னு சொல்லுவாங்க. தஜாமின் வேற யாரும் இல்ல, நம்ம இந்திரன். ஊர் ஊரா கோவமா சுத்திக்கிட்டு இருந்த செத்தவங்க எல்லாம் ஒரே நாள்ல தேவராஜாவுக்குக் கீழ உத்தியோகஸ்தங்க ஆயிட்டாங்க. அதுக்கப்புறமும் நத்துங்க லிஸ்ட்ல ஆள் மாறிக்கிட்டேதான் இருந்துது, அனோரத்தாவுக்கு ரொம்பப் பின்னாடி காலத்து ஆளுங்களும் அதுல இருக்காங்க, நம்பர் மட்டும் 37. ஷ்வே பியின் அண்ணன் தம்பியே இவன் கொன்ன ஆளுங்கதானே. இன்னொண்ணு, அனோரத்தாவையே கடைசியில காட்டெருமை முட்டிக் கொன்னுச்சு, அது எருமை உருவத்துல வந்த பழைய பகைன்னு கதை சொல்லுது. எஃப்ஐஆர்ல ராஜா பேரையும் விடல பாருங்க.

1829ல பாஜிடோ ராஜா பெரிய பெரிய பண்டிதங்களையும் பிக்குகளையும் கண்ணாடி மாளிகையில உக்கார வச்சு நாட்டு வரலாறு தொகுக்க சொன்னாரு. தகாவுங் ராஜவம்சம் புத்தரோட சாக்கிய குலத்துலேருந்து வந்துதுன்னு அதுல வரும். இதுவும் புராணம்தான், ஆனா இது ராஜா சொல்ற புராணம், நாங்க ஏன் ஆளுறோம்னு சொல்றதுக்கு. நம்ம சோழங்க சூரிய குலம்னு சொன்ன மாதிரி. புராணம்னா அதிகாரத்துக்கு பட்டா போட்டுக் குடுக்குறதுன்னு மாலினோவ்ஸ்கி மாதிரி மானிடவியல்காரங்க சொன்னாங்க, சாமிங்க எல்லாம் ஒரு காலத்துல மனுஷங்கதான்னு யூஹெமரஸ்னு ஒரு கிரேக்கர் கிறிஸ்துவுக்கு முன்னாடி 300 வாக்குலயே சொல்லிட்டாரு. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சரிதான், ஆனா பட்டா போட்டவன் கதையும் பட்டா பறிகொடுத்தவன் கதையும் ஒரே மலையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்குறதை இந்த தியரி ரெண்டும் சரியா பிடிக்கலைன்னு எனக்குப் படுது.

சரி, "எல்லாம் நம்மகிட்டேருந்து போனது" கோஷ்டிக்கு வருவோம். போக்குவரத்து இருந்துது, அதுல சந்தேகமே இல்ல. பகான்ல 13ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டு இருக்கு, மலைமண்டலத்துலேருந்து (இன்னைக்கு கேரளா) வந்த குலசேகர நம்பிங்கிறவர் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோவிலுக்கு (பெருமாள் கோவில்தான்) மண்டபமும் கதவும் விளக்கும் குடுத்தாருன்னு. ஆனா அதை வச்சு மஹாகிரி மதுரைவீரனோட காப்பின்னு சொல்ல முடியாது. பலசாலியைப் பாத்து பயப்படுற ராஜா தகாவுங்லயும் இருந்திருப்பான், மதுரையிலயும் இருந்திருப்பான், இதுக்கு கப்பல் ஏத்தி அனுப்பணுமா என்ன?

கப்பல்ல வந்த கதை எப்படி இருக்கும்னு பாக்கணும்னா திஞ்ஜான் கதையைப் பாருங்க. நம்ம சித்திரை வருஷப்பொறப்பு சமயத்துல தண்ணி ஊத்தி விளையாடுறாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்குறது. தஜாமின்னுக்கும் ஒரு பிரம்மாவுக்கும் பந்தயம், பிரம்மா தோத்துட்டாரு, தலையை வெட்டிட்டாங்க. அந்தத் தலையை கடல்ல போட்டா கடல் வத்திடும், மண்ணுல போட்டா மண்ணு வெந்துடும், ஆகாசத்துல எறிஞ்சா ஆகாசம் பத்திக்கும். அதனால தேவகன்னிங்க வருஷத்துக்கு ஒருத்தியா கையில வாங்கி வச்சுக்கிறாங்க, கை மாறுற நேரம்தான் வருஷப்பொறப்பு. அப்ப தலை இல்லாத உடம்பு? அதுக்கு யானைத் தலையை வச்சாங்க, அவர்தான் மஹா பெய்ன்னே, அதாவது நம்ம புள்ளையார்! பார்வதியும் இல்ல, அழுக்கு உருண்டையும் இல்ல. சிவன் பிரம்மா தலையைக் கிள்ளுனது, புள்ளையாருக்கு யானைத் தலை வச்சது, ரெண்டு கதையும் வழியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சோ என்னவோ. வந்த கதைக்கு இப்படி அடையாளம் தெரியும், பேரு இருக்கும், உறுப்பு இடம் மாறியிருக்கும்.

இன்னொண்ணு இருக்கு, இது எனக்கு ரொம்ப ஆச்சரியம். பர்மா பகோடாக்கள்ல வரைஞ்சிருக்குற ஜாதகக் கதையில (புத்தரோட முந்தின பிறவிக் கதைங்க) மஹாஜனகர் கதைன்னு ஒண்ணு. அவர் சுவண்ணபூமிக்கு வியாபாரத்துக்குப் போறாரு, கப்பல் உடைஞ்சுடுது, ஏழு நாள் கடல்ல நீந்துறாரு, கடலைக் காவல் காக்குற தேவதை வந்து தூக்கிக் காப்பாத்துறா. தேவதை பேரு மணிமேகலா. சுவண்ணபூமி எங்க ஊர்தான்னு தாதோன்காரங்க சொல்லிக்குவாங்க. இப்ப நம்ம காப்பியத்துல கோவலன் மகளுக்கு ஏன் மணிமேகலைன்னு பேரு வச்சான்? அவன் முன்னோர் ஒருத்தர் கப்பல் உடைஞ்சு கடல்ல தத்தளிச்சப்போ காப்பாத்துன கடல் தெய்வத்தோட பேரு அது. காவிரிப்பூம்பட்டினத்து செட்டிக்கும் சுவண்ணபூமிக்குப் போன வியாபாரிக்கும் ஒரே ஆத்தாதான் காவல். இது யாரு யாருக்குக் குடுத்ததுன்னு சண்டை போட என்ன இருக்கு, வங்காள விரிகுடாவுல கப்பல் ஏறுனவன் எல்லாருக்கும் பயம் ஒண்ணுதானே.

தம்பி கேட்ட "ஒண்ணா வேறயா"வுக்கு இதான் பதில். தஜாமின், பெய்ன்னே எல்லாம் உறவுமுறை, வந்தவங்க. மஹாகிரியும் மதுரைவீரனும் உறவு இல்ல, ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி அநியாயம் நடந்துது. பாக்குறதுக்கு ஒண்ணு போல இருக்கும், பக்கான்னு ஒரு ஊர்ல (பகான் வேற, இது வேற) கோஜி சோன்னு ஒரு நத், குடியும் சேவல்சண்டையும்தான் வாழ்க்கை, அவருக்கு சாராயமும் பொரிச்ச கோழியும் வைப்பாங்க, நத் கடோ (நத் இறங்கி ஆடுற சாமியாடி) மேல அவர் இறங்கி ஆடுறதைப் பாத்தா நம்ம கருப்பசாமி ஆடுற மாதிரியே இருக்கும், பக்கத்துல நின்னு விபூதி தேடுவீங்க.

"இந்தக் காலத்துலயும்"னு கேட்டீங்களே, அதுக்கு ஒண்ணு சொல்லிடணும். இந்தக் கதையெல்லாம் எப்பவோ முடிஞ்சு போன விஷயம் இல்ல, இப்பவும் உண்டாகிக்கிட்டு இருக்கு. ரங்கூன் போட்டடாவுங் பகோடா 1943ல நேசநாட்டு குண்டு விழுந்து நொறுங்குச்சு, யுத்தத்துக்கு அப்புறம் திரும்பக் கட்டுனாங்க. அந்த வேலைக்கு உழைச்ச பக்தியான ஒரு அம்மா 1950கள்ல காலமானாங்க, மியா நான் ந்வேன்னு பேரு, இன்னைக்கு அதே வளாகத்துல நாக தேவதையா சிலையா உக்காந்திருக்காங்க, தேங்காயும் வாழைப்பழமும் குவியுது. பாத்தவங்க, பழகுனவங்க ரொம்ப நாள் உசுரோட இருந்திருப்பாங்க, அவங்க கண்ணு முன்னாடியே தெய்வமாயிட்டாங்க.

எங்க வீட்டுலயும் ஒண்ணு உண்டு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ லட்சக்கணக்குல இந்தியாவுக்கு நடந்தாங்களே, அதுல எங்க பாட்டியோட அண்ணன் குடும்பமும் போச்சு. ராத்திரியில வழி தெரியாம மூங்கில் காட்டுல நின்னப்போ தூரத்துல சுருட்டு நெருப்பு ஒண்ணு தெரிஞ்சுதாம், அது நகர நகர இவங்களும் பின்னாடியே போய் விடியும்போது தண்ணி இருக்குற இடத்துக்கு வந்து சேந்தாங்களாம், பாத்தா ஆளே இல்ல, முனீஸ்வரன்தான்னு பாட்டி சொல்லும். அவங்களுக்கு முன்னாடி நடந்து போன யாரோ ஒரு மனுஷனா இருக்கலாம்னு நான் சின்னப் பையனா இருக்கும்போது மறுத்துப் பேசுவேன், பாட்டி கோச்சுக்காது, "சரி, யாரோ ஒருத்தர்தான், அவர் பேரு என்ன சொல்லு"ங்கும். அந்த வழியில செத்தவங்க பேரெல்லாம் எந்த ரெஜிஸ்டர்லயும் முழுசா இல்ல. பாட்டி அந்தக் கதை சொல்லும்போதுதான் வழியிலயே விட்டுட்டு வந்த கைக்குழந்தை பேரை சொல்லும், வேற எப்பவும் சொல்லாது. கதை உண்மையா பொய்யாங்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கதை இல்லேன்னா அந்தப் பேரு எங்களுக்கு வந்து சேந்தே இருக்காது. 1960கள்ல இந்தியாவுக்குத் திரும்பிப் போய், மறுபடி பர்மாவுக்குள்ள வரப் பாத்து முடியாம மணிப்பூர் எல்லையில மோரேலயே தங்கிட்ட நம்மாளுங்களும் அங்க அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோவில்தான் கட்டுனாங்க.

இதுக்காக எல்லாக் கதையும் நல்ல கதைன்னு சொல்லல. நியாயம் கேக்க வேண்டிய கோவத்தை வருஷத்துக்கு ஒரு திருவிழாவா கரைச்சு விடுறதும் இதே கதைங்கதான், ராஜா கொன்னதுக்கு கோவில் வச்சா கணக்கு நேராயிடுச்சுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். நத் கோவம்னு சொல்லி காசு புடுங்குற ஆளுங்களும் உண்டு, நம்ம பக்கம் குறி சொல்றவங்களும் உண்டு, அவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க.

தம்பிக்கு கடைசியா ஒண்ணு. வாகவுங் மாசம், ஆகஸ்ட் வாக்குல, பௌர்ணமிக்கு முந்துன வாரம் தவுங்பியோன்ல திருவிழா, மாண்டலேலேருந்து வடக்கே 20 கிலோமீட்டர் இருக்கும், கூட வேலை பாக்குறவங்களோட ஒரு தடவை போயிட்டு வாங்க. அந்த செங்கல் இடத்தைக் காட்டச் சொல்லுங்க. கூட்டத்துல பர்ஸ் பத்திரம். போற அன்னைக்கு பன்னிக்கறி மட்டும் வேணாம், கையிலயும் கொண்டு போகாதீங்க, அப்பா பியாட்டா முஸ்லிம் இல்லையா, பௌத்தங்க லட்சக்கணக்குல கூடுற அந்த ஊர்ல இன்னைக்கும் அவருக்காக அதைத் தொடமாட்டாங்க.